உரஞ்சியர் ஒட்டிய கால்

யாழ்ப்பாணத்தில் பிளாஸ்ரிக்கோடு கோபித்துக்கொண்டு வாழும் ஒரே மனிதர் கொக்குவில் உரஞ்சியர்தான். வாளியோ கதிரையோ, ஒட்டக் கொண்டுபோனால் முதலில் அதன் வழவழப்புப் போகும்வரை உரஞ்சுவார். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கே ஞாபகமிருக்குமோ தெரியாது.

ஒரு செத்தவீட்டில் மற்றவர்கள் தேவாரம் பாடிக்கொண்டிருக்கும்போது, கதிரையில் இருந்த ஒரு பெரியவரை எழுப்பிவிட்டார்.

"எழும்புங்கோ அண்ணை, உங்களுக்குக் கீழை வெடிப்பு!"

கதிரையைக் கவிழ்த்து அங்கேயே உரஞ்சத் தொடங்கினார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

எனக்கு அவரிடம் வேலை வந்தது போன மாரிக்குப் பிறகு. நீரிழிவென்ற சீனி வருத்தத்தில் ஒரு கால் போய், பிளாஸ்ரிக் காலோடுதான் சண்டிலிப்பாயில் வெங்காயத் தோட்டம் செய்கிறேன். சேற்றில் அதன் றப்பர் அடி கழன்றுவிட்டது. மகன் மூன்று விதமான பசை வாங்கி ஒட்டினான். மூன்று முறையும் தோசை மாதிரி உரிந்து வந்தது.

"அம்மா, இனியும் கழண்டால் தோட்டத்தைக் குத்தகைக்குக் குடுத்திடுவன். நீங்கள் வீட்டிலை இருங்கோ."

நான் இருக்கிற ஆளா? அவனையும் இழுத்துக்கொண்டு ஓட்டோவில் கொக்குவிலுக்குப் போனேன்.

உரஞ்சியர் காலை வாங்கி, ஒரு துளி தண்ணீர் விட்டார். சேம்பிலையில் போல உருண்டோடியது.

"கண்டியளே அக்கா? தண்ணியே நிக்கேல்லை, பசை எப்பிடி நிக்கும்?"

சவர்க்காரம் போட்டுக் கழுவினார். உரஞ்சினார். பிறகு ஊதுவிளக்கை மூட்டி என் காலை நெருப்பில் காட்டினார்.

"ஐயோ, என்ரை காலைக் கொளுத்திறான் படுபாவி!"

"கத்தாதேங்கோ அக்கா. கொளுத்தேல்லை, நெருப்பாலை தடவுறன். அப்பதான் பசை பிடிக்கும்."

சூடு பார்க்க மகன் விரலை வைத்துவிட்டான்.

"எல்லாம் போச்சு! உம்மடை விரலிலை இருக்கிற எண்ணை போதும், ஒட்டு நாசம்!"

திரும்பவும் சவர்க்காரத்திலிருந்து தொடங்கினார். இந்த முறை விட்ட துளி உருளவில்லை, பரந்து படுத்துக்கொண்டது. அவர் முகமும் விரிந்தது. துளி காய்ந்த பிறகுதான் பசையைத் தொட்டார்.

மூன்றாம் நாள் சைக்கிளில் அவரே என் காலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

"தண்ணிக்குள்ளை இறங்குங்கோ, பாப்பம்."

இறங்கினேன். சேறு பிடித்து இழுத்தது. அடி அசையவில்லை. ஒரு வாய்க்காலிலிருந்து அடுத்த வாய்க்காலுக்கு நடந்தேன். மகன் குத்தகைக் கதையை விட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். உரஞ்சியரின் கைகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று இன்றும் வைரவரைக் கும்பிடுகிறேன்.

உரஞ்சியர் வரப்பில் குந்தியிருந்து, வெயில் ஏறியதும் தெரியாமல், என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதன்முதல் நடை பழகியபோது என் தாய் இப்படித்தான் பார்த்திருப்பாள்.