டிக்கி சாரும் ஒரு 'வா'வும்

இந்த ராமநாதபுரத்தில் கார் வாங்கிய எல்லாரும் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். பின்பக்கத்தைப் பார்த்து வாங்கிய ஒரே மனிதர் டிக்கி சார். இதை எந்தக் கோயில் வாசலில் நிற்கச் சொன்னாலும் நின்று சொல்வேன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. எங்கள் இறால் கம்பெனி வருகைப் பதிவேட்டில் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. அங்கே அவர் கப்பலில் சரக்கு ஏற்றும் காகிதங்களைப் பார்த்தவர். நான் ஆபீஸைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, டீ வாங்கிக் கொடுக்கிறவள். இரண்டு பேருக்கும் வீடு அரண்மனைக்குப் பின்னால் ஒரே முட்டுச்சந்தில். அவர் வீடு கடைசி, என் வீடு அதற்கு முந்தினது.

அந்தச் சந்தில் ஒரு சைக்கிள் வந்தால் ஆடு ஒதுங்க வேண்டும். அதற்குள் ஒருநாள் சாயங்காலம் வெள்ளையாய் ஒரு கார் நுழைந்தது. நுழைந்தது, நுழைந்துகொண்டே இருந்தது. மூக்கு என் வாசலைத் தாண்டிப் போன பிறகு, நான் சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தால், அப்போதுதான் வால் வந்து சேர்ந்தது.

எதிர்வீட்டுப் பாண்டியம்மாவுக்கு, அவள் எனக்கு நாத்தனார், வாய் சும்மா இருக்காது. "ஏன் சார், வீட்ல இருக்கது ரெண்டு பேரு. ஆபீஸு இந்தா இருக்கு. சின்னதா ஒண்ணு வாங்குனா ஆகாதா?"

"சின்னக் காருக்கு டிக்கி இல்லையக்கா," என்றார் அவர். "காரெண்டா மூக்கு, வயிறு, வால் மூண்டும் இருக்கவேணும். வால் இல்லாததை நான் கார் எண்டு சொல்லமாட்டன்."

எண்டு, மூண்டு என்பதெல்லாம் அவர் பேச்சு. ஏழு வயதில் கடல் தாண்டி வந்து மண்டபம் முகாமில் வளர்ந்தவர். கட்டிக்கொண்டது திருவாடானைப் பக்கத்துப் பெண்ணை. அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர். கார் இருந்தது டீச்சரம்மா பெயரில். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கியை அவர் திறக்கிற அழகே தனி. சாமி அலமாரியைத் திறப்பதுபோல் திறப்பார். உள்ளே துடைத்துப் பாய் விரித்துச் சுத்தமாக இருக்கும். பாயைத் தவிர ஒன்றும் இருக்காது. ஒரு கத்தரிக்காயைக்கூட அதில் வைக்க விடமாட்டார். சந்தைக்குப் போய் வந்தால் டீச்சரம்மா மடியில் பூசணிக்காயும் காலடியில் அரிசிப் பையுமாக முன்சீட்டில் நசுங்கிக்கொண்டு வருவார். பின்னால் அவ்வளவு பெரிய டிக்கி காற்றை ஏற்றிக்கொண்டு வரும்.

"மத்தியானம் அதுக்குள்ள போய்ப் படுத்து உறங்குறாரு மதினி," என்பது பாண்டியம்மாவின் கண்டுபிடிப்பு. நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"அக்கா, ஒரே இடத்துக்குத்தானே போறம், ஏறுங்கோ," என்று ஒருநாள் கூப்பிட்டார். ஓசியில் ஏறுகிற பழக்கம் எனக்கு இல்லை என்றேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்ப ஒரு வேலை செய்யுங்கோ. பின்னேரம் ரிவர்ஸ் எடுக்கேக்குள்ள பின்னால நிண்டு வழி சொல்லுங்கோ," என்றார். முட்டுச்சந்தில் காரைத் திருப்ப முடியாது. சாயங்காலம் பின்பக்கமாகவே உள்ளே வந்தால்தான் காலையில் முகம் பார்த்து வெளியே போகலாம். இது உழைப்புக்குச் சவாரி. ஒப்புக்கொண்டேன்.

அந்தச் சவாரியைச் சொல்ல வேண்டும். காருக்கு வயிறு தரையோடு தரையாக இருக்கும். வேகத்தடை வந்தால் அடியில் சர்ர்ரென்று உரசும். அந்தச் சத்தம் டிக்கி சாருக்குத் தன் முதுகையே உரசுவதுபோல. ஆகவே ஒவ்வொரு தடைக்கும் காரை நிறுத்தி, "அக்கா, கொஞ்சம் இறங்குறீங்களோ?" என்பார். நான் இறங்குவேன். கார் பிள்ளைத்தாச்சி படியேறுவதுபோல் ஏறி இறங்கும். நான் பின்னாலேயே நடந்து போய் மறுபடி ஏறிக்கொள்வேன். வழியில் தடை ஐந்து. காரில் போனேனா, காருக்குத் துணையாக நடந்து போனேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏசி மட்டும் நன்றாக இருந்தது.

ஆபீஸில் நிழல் ஒரே வேப்பமரத்துக்கு அடியில். அந்த இடம் பிடிக்க ஒன்பது மணி ஆபீஸுக்கு ஏழே முக்காலுக்குப் போய்விடுவோம். நிழல் நகர்ந்தால் பேனாவை வைத்துவிட்டு இறங்கிப் போய்க் காரையும் நகர்த்துவார். கப்பலே காத்திருந்தாலும் கார் வெயிலில் நிற்காது.

வீட்டில் வேறு தொல்லை. நீட்டமாய்த் தட்டையாய் இருக்கிற அந்த டிக்கி மேல் தெரு ஆடுகளுக்கு அப்படி ஓர் ஆசை. காலையில் பார்த்தால் குட்டியோடு ஒரு ஆடு மேலே படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். அவர் அதட்ட மாட்டார். அதட்டினால் குளம்பு கீறிவிடுமாம். அகத்திக் கொப்பை நீட்டி, "வாங்கோ, மெல்ல இறங்குங்கோ," என்று கெஞ்சி இறக்குவார்.

சுவரில் உரசி இரண்டு கோடு விழுந்தபோது டீச்சரம்மா சொல்லிவிட்டார். தெருவே கேட்கத்தான் சொன்னார். "இந்தா பாருங்க. இன்னும் ஒரே ஒரு அடி. மறுநாளே வித்துப்புட்டு வாலில்லாத கார் வாங்குவேன். என் பேர்லதான இருக்கு."

அன்றிலிருந்து டிக்கி சார் முகத்தில் சிரிப்பு இல்லை. என் பொறுப்பும் கூடிவிட்டது.

வழி சொல்வதில் எனக்கு ஒரு முறை உண்டு. "வாங்க சார்" என்று சொன்னால், அந்த 'ங்க'வை முடிப்பதற்குள் கார் ஒரு சாண் கூடுதலாக வந்துவிடுகிறது. ஆகவே வெறும் 'வா'தான். "சார், நான் 'வா'ங்கிறது காரைத்தான். உங்களை இல்ல," என்று முதல் நாளே சொல்லி வைத்தேன்.

"ஓம் அக்கா, காருக்குச் சொல்லி விடுறன்," என்றார்.

ஒருநாள் சாயங்காலம். கார் பின்னால் வந்துகொண்டிருந்தது. சந்து முடிகிற இடத்தில் ஒரு அடிகுழாய் நிற்கிறது. தண்ணீர் மறந்து எத்தனையோ காலம் ஆயிற்று. அதற்கும் டிக்கிக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்போது "போதும்" சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பாண்டியம்மா பையோடு கிளம்பி வந்தாள், திருப்புல்லாணியில் இருக்கும் மகள் வீட்டுக்கு.

"வாரேன் மதினி."

பயணம் கிளம்புகிறவள் வாரேன் என்று சொன்னால் என்ன சொல்வீர்கள்? நானும் அதைத்தான் சொன்னேன்.

"வா, வா."

கார் வந்தது. அடிகுழாய் பலகாலம் கழித்து ஒரு சத்தம் கொடுத்தது.

அதன் கைப்பிடி விழுந்து டிக்கி மூடி நடுவில் உரல் குழிபோல் ஒரு பள்ளம். மூடி இறுகிவிட்டது, திறக்கவில்லை. டிக்கி சார் இறங்கி வந்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

சத்தம் கேட்டு டீச்சரம்மா வந்துவிட்டார். நான் யாரிடமும் தப்பு என்று சொல்லிக்கொண்டு நின்றவள் இல்லை. அன்றைக்கு நின்றேன்.

"டீச்சரம்மா, அவர் மேல தப்பில்ல. நான் பாண்டியம்மாவ 'வா'ன்னேன். காரு வந்துருச்சு."

"யார் சொன்னா என்னக்கா? அடி விழுந்துருச்சுல்ல," என்றார் டீச்சரம்மா. பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஏங்க, ஒரு நாளாவது அதுக்குள்ள ஒரு சாமானை வச்சிருக்கீங்களா? காலி டிக்கிக்கு எதுக்கு இந்தப் பாடு?"

டிக்கி சார் பள்ளத்தைத் தடவிக்கொண்டே பேசினார். எங்களைப் பார்க்கவில்லை.

"போட்டில ஏறேக்குள்ள ஆளுக்கு ஒரு பைதான் எண்டு சொல்லிப்போட்டாங்கள். அம்மா தையல் மெஷினை மணல்ல வச்சிட்டு ஏறினவ. போட் கிளம்பின பிறகும் அது கரையில நிண்டது, எனக்குத் தெரிஞ்சது. இனி எங்கயாவது கிளம்பவேணும் எண்டு வந்தா, ஒண்டையும் விட்டுட்டுப் போக ஏலாது. அதுக்குத்தான் இடம் வச்சிருக்கிறன்."

டீச்சரம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். அடிகுழாயைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார்.

"இந்தத் தகரம் தட்டி எடுக்குற ஆளு இங்கன யாருக்கா இருக்கா?" என்றார் என்னிடம்.

தட்டி எடுத்தார்கள். முழுதாகச் சரியாகவில்லை. வெயில் படும்போது பள்ளம் தெரியும். குட்டி ஆடு அதற்குள் சுருண்டு படுக்க வசதியாகவும் போயிற்று.

போன மாதம் டீச்சரம்மாவுக்குத் திருச்சிப் பக்கம் மாற்றல். கட்டில், பீரோ லாரியில் போயிற்று. மிச்சமெல்லாம் டிக்கியில். உரல், மிக்சி, சாமி படம், அகத்திக் கொப்பு நீட்டுகிற கம்புகூட. அன்றைக்குத்தான் அந்த டிக்கி நிறைந்து பார்த்தேன். அப்படியும் டிக்கி சார் காலி வீட்டுக்குள் மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஒண்டையும் விடேல்லைத்தானே?" என்று டீச்சரம்மாவிடம் கேட்டுக்கொண்டே ஏறினார்.

கார் முகம் பார்த்து நின்றது. ஜன்னலை இறக்கி, "வாறன் அக்கா," என்றார்.

"வா," என்றேன்.

சடக்கென்று பிரேக் அடித்தார். தலையை வெளியே நீட்டி, "அக்கா, காருக்குச் சொன்னீங்களோ, எனக்கோ?" என்றார்.

அத்தனை வருஷம் சார் என்று கூப்பிட்ட வாய்.

"உனக்குத்தான் தம்பி. வா."

கார் முன்னால்தான் போனது. இருந்தாலும் அந்த வெள்ளை வால் தெருமுனை திரும்பி மறைகிறவரை, வழக்கமான இடத்தில் நின்று, "வா... வா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.