விசில் அண்ணாச்சியும் தொய்ந்த கம்பியும்

அண்ணாந்து பார்க்காதவனை மனிதக் கணக்கில் சேர்க்காத ஒருவர் இவ்வுலகில் இருந்தாரென்றால், அவர் எங்கள் விசில் அண்ணாச்சிதான். தூத்துக்குடித் துறைமுகத்தில் பாரந்தூக்கியின் கீழ் நின்று, ஊதல் ஊதிச் சைகை காட்டியே தலை நரைத்தவர். ஓய்வுபெற்றபின், என் வாழைத்தோட்டத்தை ஒட்டி ஒரு தோட்டம் வாங்கினார். இரண்டுக்கும் மேலே உயரழுத்த மின்கம்பி தொய்ந்து தொங்கியது.

அன்று தொடங்கியது எங்கள் செவிகளின் துன்பம். வாழைக்கு முட்டுக்கொடுக்கும் சவுக்குக் கம்பை எவர் தோட்டத்தில் எவன் நிமிர்த்தினாலும் ஊதல் அலறும். கம்பைத் தரையோடு கிடத்தியே இழுக்கவேண்டும். அண்ணாந்து பார்த்தபின்னரே தூக்கவேண்டும். சோம்பல் முறித்துக் கைகளை உயர்த்திய என்னையும் ஒருமுறை ஊதி நிறுத்தினார்; ஆள்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர் அனுப்பிய பன்னிரண்டாம் விண்ணப்பத்துக்குப்பின் மின் அலுவலர் ஒருவர் வந்து பார்த்தார்.

"கம்பி சரியாத்தான் போகுது அண்ணாச்சி. ஒங்க தோட்டந்தான் மேடு."

"அப்பம் தோட்டத்த எறக்கித் தாரியளா?" என்றார் அண்ணாச்சி.

ஆடிக்காற்று தொடங்கிய ஒரு காலை. குலைகள் சாயுமுன் என் வாழைகளுக்கு முட்டுக்கொடுத்தாகவேண்டும். கம்புக்குக் கம்பு ஊதல் தடுத்தது. "இவரு ஊதி முடிக்கதுக்குள்ள வாழை படுத்துரும்" என்று சலித்துக்கொண்டான் கூலியாள் சுடலை. முகம் கழுவ அண்ணாச்சி கழுத்திலிருந்து ஊதலைக் கழற்றிப் பம்புசெட்டு ஆணியில் மாட்டினார். அதை எடுத்து என் மடியில் செருகிக்கொண்டேன். அரைநாள் அமைதி கிடைக்கட்டும் என்றுதான் செய்தேன்.

சற்று நேரத்தில், அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கையில், ஈரம் உலராத ஒரு பச்சைக் கம்பை மின்கம்பியின் கீழ் சுடலை நிமிர்த்தினான். அண்ணாச்சியின் கை மார்புக்குப் போயிற்று. அங்கு ஒன்றுமில்லை.

"ஏலே, கீழ போடுலே!"

வாழையிலைகளின் இரைச்சலில் அக்குரல் அவனை எட்டவில்லை. ஓடிச்சென்று அவனைத் தள்ளினார். சுடலை வாய்க்காலில் விழுந்தான். கைவிட்ட கம்பு மின்கம்பியில் உரசியபடியே அண்ணாச்சியின் தோளில் சாய்ந்தது.

அவர் எழவில்லை.

நான்காம் நாள் புதுக் கம்பம் நட்டுக் கம்பியை உயர்த்திக் கட்டினார்கள். தோட்டம் அதே மேட்டில்தான் இருக்கிறது.

ஊதலை அவர் வீட்டில் கொடுக்க எனக்குத் துணிவில்லை. முட்டுக்கொடுக்கும் நாள்களில் நானே அணிந்துகொள்கிறேன். நான் ஊதினால் ஆள்கள் உடனே நிற்கிறார்கள், அண்ணாந்து பார்க்கிறார்கள். அவரைப் பார்த்துச் சிரித்ததுபோல் என்னைப் பார்த்து ஒருவரேனும் சிரிக்கமாட்டாரா என்றிருக்கிறது.