கழுத்துக்கு வைத்துப் படுத்த கருப்பை

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதிக்கொண்டது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம்தான், என் மானம் ஒன்றைத் தவிர.

உன் தம்பி பெண்டாட்டி தையல் மெஷினில் எதைத் தைக்கிறாள் என்று நான் என்றைக்காவது கேட்டிருக்கிறேனா? போன ஞாயிறு பஸ் டிப்போவில் காலை ஷிஃப்ட் முடித்துக் கழுத்து வலியோடு வந்தவன், சோபாவில் ரோஸ் நிறத்தில் பஞ்சடைத்த தலையணை ஒன்று, இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தேன். அடடா, புருஷன் கழுத்துக்காகவே தைத்திருக்கிறாளே என்று நெகிழ்ந்துபோய் அதைக் கழுத்தைச் சுற்றி மாட்டிக்கொண்டு அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தால் ஹால் முழுக்கப் பெண்கள். இருபது பேர் இருக்கும். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள், எங்கள் மேனேஜர் வீட்டம்மா உட்பட. பெண்களுக்குப் பாடம் எடுக்க வந்த சுகாதார நிலையத்து நர்ஸம்மா குனிந்து, "சார், தூக்கத்தக் கெடுத்ததுக்கு மன்னிச்சுக்குங்க. அந்தக் கருப்பையக் கொஞ்சம் கழட்டிக் குடுத்தீங்கன்னா பாடத்த ஆரம்பிச்சுடலாம்" என்றார். அக்கா, எனக்கு உயிரே போய்விட்டது.

சமையலறைக்குள் ஓடி ஒளிந்தேன். அங்கே கதவு ஏது, திரைதான். பாடம் முழுவதும் காதில் விழுந்து தொலைத்தது. கருப்பை வாயில் புற்றுநோய் வருமாம், அதற்கு ஒரு வைரஸ் காரணமாம், வருஷக்கணக்காக வலியே தெரியாதாம், ஆனால் சின்னப் பரிசோதனையில் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாமாம். "இதுவரைக்கும் யார் யார் பண்ணியிருக்கீங்க, கையத் தூக்குங்க" என்றார் நர்ஸம்மா. திரையை விலக்கிப் பார்த்தேன். ஒரு கைகூட எழவில்லை. நுணுக்கி நுணுக்கி அந்தப் பொம்மையைத் தைத்தாளே, அவள் கையும் மடியிலேயே கிடந்தது. எனக்குப் பகீரென்றது. வெட்கம் போன இடம் தெரியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

"நீ பண்ணலையா?"

"எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, எதுக்குங்க?"

முப்பது வருஷமாக டிப்போவில் பிரேக் பார்க்கிறவன் நான். ஒவ்வொரு டிரைவரும் இதையேதான் சொல்வான். "நல்லா ஓடும்போதுதான் பாக்கணும்!" என்று கத்திவிட்டேன். மேனேஜர் வீட்டம்மா கை தட்டினார். நர்ஸம்மா அதைக் கொட்டை எழுத்தில் எழுதி எங்கள் வாசலிலேயே ஒட்டிவிட்டார். இப்போது தெருவில் என் பெயர் 'கருப்பை சார்'. டிப்போவிலும் அதே. நான் எப்படி வெளியே தலை காட்டுவது?

ஆகவே நீ உடனே புறப்பட்டு வந்து, உன் தம்பி பெண்டாட்டியை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு, இந்தப் பாடத்தை எல்லாம் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அவளைப் பரிசோதனைக்கு நானே கூட்டிப்போனேன். அது வேறு விஷயம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

உன் வரவையும் அதட்டலையும் எதிர்பார்க்கும்,
தம்பி.

பின்குறிப்பு: இந்தக் கடிதம் மூன்று வாரமாகச் சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் ரிசல்ட் வந்தது. அவளுக்குக் கருப்பை வாயில் சில செல்கள் மாறியிருந்தனவாம். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் சில வருஷத்தில் அதுவாக ஆகியிருக்கக்கூடும் என்றார் டாக்டரம்மா. நேற்று அந்தச் செல்களை மட்டும் எடுத்துவிட்டார்கள், சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம். டாக்டரம்மா சொல்லும்போது அவள் கல்லு மாதிரி நின்றாள். நான்தான் வராந்தாவில் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். "என்னங்க, நோயாளி நானா நீங்களா?" என்று என்னைத் தூக்கிவிட்டாள். அவளைத் திட்ட வேண்டாம் அக்கா. பாடம் ஞாயிறுதோறும் நம் ஹாலிலேயே நடக்கட்டும். வரும் வியாழக்கிழமைப் பரிசோதனைக்கு நர்ஸம்மாவிடம் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கு உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். ஒன்றுமில்லை என்று நீ சொல்லாதே. அவர்கள் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.