நான் வீட்டில், கோஷம் கேட்டில்

திங்கட்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சும்மா இல்லை, கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே செய்ய வேண்டும். ஜெர்மனியிலிருந்து ஓசூருக்குத் திரும்பிய நாளிலிருந்து, "அங்கெல்லாம் வாரத்துல ரெண்டு நாள் வீட்டுலேருந்தே மெஷின் டிராயிங் போடுவோம்" என்று மேனேஜர் நாகராஜின் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். தொல்லை தாங்காமல் அவர், "ஒரு வாரம் நீங்க செஞ்சு காட்டுங்க. சரியா வந்தா மத்தவங்களுக்கும் பாக்கலாம்" என்றார்.

மத்தவங்க என்றால் மலர்விழி. எனக்குப் பக்கத்து சீட். தினமும் ராயக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். வீட்டில் கைக்குழந்தை. வாரத்தில் ரெண்டு நாளாவது வீட்டில் இருக்க முடியாவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"சார், உங்களை நம்பித்தான் ராஜினாமாவை இன்னும் எழுதலை. ஒரு வாரம் ஒழுங்கா உக்காந்துடுங்க."

உட்காருவதில் என்ன கஷ்டம்? நாற்பத்தெட்டு வயசு வரைக்கும் அதைத்தானே செய்திருக்கிறேன்!

மனைவி பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். ஜன்னலோரம் கம்ப்யூட்டர். புதிதாக வந்த பிராட்பேண்ட். மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, ஏனென்றால் இது ஆபீஸ். கீழே லுங்கி, ஏனென்றால் இது வீடு.

எதிர்வீட்டுக் கன்னடக்கார மஞ்சுளம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"ஏனாய்த்து சார்? உடம்பு சரியில்லையா?"

மரியாதைக்கு எழுந்து நின்றேன். "நல்லா இருக்கேம்மா. வேலை பாத்துட்டிருக்கேன்."

"கம்பெனி?"

"இதுதாம்மா கம்பெனி."

அவர் என் சட்டையைப் பார்த்தார். லுங்கியைப் பார்த்தார். வீட்டுக்குப் போய், ஒரு தூக்கு நிறைய பிஸிபேளாபாத் கொண்டுவந்து நீட்டினார்.

"சாப்பிடுங்க சார். எல்லாம் சரியாயிடும்."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் அத்தனை பேரும் ஃபேக்டரி. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன் பகலில் தூங்குவான். செகண்ட் ஷிஃப்ட் என்றால் பனியனோடு மார்க்கெட் பையைத் தூக்கிக்கொண்டு அலைவான். லீவு என்றால் சொந்த ஊருக்கு பஸ் ஏறியிருப்பான். இது எதுவும் இல்லாமல், ஒருத்தன் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலையே பார்த்து உட்கார்ந்திருந்தால், அவன் சஸ்பெண்டு!

அரை மணியில் முத்துப்பாண்டி வந்துவிட்டார். நாலு வீடு தள்ளி இருக்கிற மதுரைக்காரர். வேறொரு ஃபேக்டரியில் யூனியன் செயலாளர்.

"என்னண்ணே, எப்ப இருந்து?"

"இன்னிக்கு இருந்துதான்."

"எழுதிக் குடுத்தாய்ங்களா, வாயால சொன்னாய்ங்களா?"

"எழுத்துலதான். நானே கேட்டு வாங்கினேன்."

"கேட்டு வாங்கினீங்களா! கையெழுத்து?"

"போட்டுட்டேன்."

"ஐயய்யோ! படிச்சவங்களை இப்படித்தாண்ணே அமுக்குறாய்ங்க. திரும்ப எப்ப வரச் சொன்னாய்ங்க?"

"இந்த வாரம் வரவே வேண்டாம்னுட்டாரு!" என்றேன், பெருமையாக.

அவர் முகம் சிவந்துவிட்டது. "நீங்க நிம்மதியா உக்காருங்கண்ணே. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்."

எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தேன்.

ஒரு டிராயிங் பாதி முடிந்திருக்கும். போன் அடித்தது. நாகராஜ்.

"நீங்க வீட்டுலதானே இருக்கீங்க?"

"ஆமா சார், நகரவே இல்லை!"

"அப்புறம் ஏன் நம்ம கேட்ல உங்க பேரைச் சொல்லிக் கத்துறாங்க?"

ரிசீவர் வழியாக எனக்கே கேட்டது. "உள்ளே எடு! உள்ளே எடு! அண்ணனை உள்ளே எடு!"

"வெளிய விடுங்கன்னு என் உயிரை எடுத்தது நீங்க. இப்ப உள்ளே எடுக்கச் சொல்லி ஆளும் அனுப்பறீங்களா?"

லுங்கியோடு ஸ்கூட்டரை எடுத்தேன். கேட்டில் எங்கள் தெருவின் செகண்ட் ஷிஃப்ட் மொத்தமும் நின்றது. மஞ்சுளம்மாவும் நின்றார். பின்னால் லோடு லாரிகள் வரிசை.

"அண்ணனே வந்துட்டாரு!"

"முத்துப்பாண்டி, நான் உள்ளே போகக் கூடாதுப்பா! வீட்டுலதான் இருக்கணும்! அதுக்குத்தான் இத்தனை நாள் போராடினேன்!"

முத்துப்பாண்டி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "மனுஷனை எந்தளவுக்கு மிரட்டியிருக்காய்ங்க பாருங்க."

தமிழும் கன்னடமுமாகப் படித்தவன் நான். தமிழில் விளக்கினேன். கன்னடத்திலும் விளக்கினேன். மஞ்சுளம்மா ரெண்டுக்கும் அழுதார்.

கடைசியில் நாகராஜே கேட்டுக்கு வந்து ரெண்டு கையையும் தூக்கினார். "எடுத்துக்கறேன்! இப்பவே உள்ளே எடுத்துக்கறேன்!"

ஒரே கைதட்டல்! என்னைத் தோளில் தூக்கிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டுத்தான் கலைந்தார்கள்.

உள்ளே மலர்விழி என் லுங்கியைப் பார்த்தாள். சிரிப்பே வரவில்லை அவளுக்கு.

"போச்சா சார்?"

டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

நேராக நாகராஜிடம் போனேன். "சார், இன்னும் ஒரே ஒரு நாள்."

"நாளைக்கு ஒரு நாள்தான். இங்க ஒரு சத்தம் கேட்டுச்சு, அந்தப் பொண்ணோட ராஜினாமாவையும் உங்களோடதையும் சேர்த்தே வாங்கிப்பேன்."

வேலை முடிந்ததும் முத்துப்பாண்டியைத் தேடிப் பிடித்து, வீட்டுக்கு அழைத்துவந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, டிராயிங் போட்டு, அனுப்பியும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்படி உக்காந்திருந்தா சம்பளம் வருமாண்ணே?"

"வரும்."

"அட, நைட் ஷிஃப்ட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேனே!"

மறுநாள் காலையில் ஜன்னலைச் சாத்தினேன். கதவில் ஒரு அட்டை தொங்கவிட்டேன்: "நைட் ஷிஃப்ட். தூங்குகிறேன்."

ஜெர்மனியில்கூட அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை! பைக்குகளெல்லாம் இன்ஜினை அணைத்துத் தெருமுனை வரை தள்ளப்பட்டன. தக்காளிக்காரர் கூவாமல் கதவு கதவாக விரலால் தட்டி விற்றார். மஞ்சுளம்மா அன்று குக்கரே வைக்கவில்லை. மத்தியானத்துக்குள் பாக்கி டிராயிங் அத்தனையும் அனுப்பிவிட்டேன்.

நாகராஜ் போன் செய்தார். "சொல்லுங்க சார்" என்று கிசுகிசுத்தேன்.

"ஏன் இவ்வளவு மெதுவா பேசறீங்க?"

"தூங்கிட்டிருக்கேன் சார்."



"டிராயிங் எல்லாம் பாத்தேன். ஒரு தப்புகூட இல்லை. அடுத்த வாரத்துலேருந்து மலர்விழியும் ரெண்டு நாள் தூங்கட்டும்."

அவளுக்கும் ஒரு அட்டை எழுதிக் கொடுத்தேன். ராயக்கோட்டையில் தெருவே மூச்சு விடாமல் இருக்கிறதாம்.

கைக்குழந்தைக்கு மட்டும் இன்னும் படிக்கத் தெரியவில்லை.