மாப்பிள்ளை மங்கலாக, மாப்பிள்ளையின் அம்மா தெளிவாக

போட்டோவில் ஒருத்தர் முகம் மங்கினால் அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் கை இருக்கும் என்பது என் கட்சி. இப்போதும் பாதி அந்தக் கட்சிதான்.

மகனின் நிச்சயதார்த்தப் படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் சம்பந்தியம்மாவின் மூக்குத்திக் கல்கூட மின்னியது. அவர் தோளுக்குப் பின்னால் ஆவி போல ஓர் உருவம். அது நான். (புடவையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.)

"வேணும்னே அழிச்சிருக்காங்கடா" என்றேன் மகனிடம்.

"ஏம்மா, உன்னை அழிச்சு அவங்களுக்கு என்ன ஆவப்போவுது?"

அது எனக்கும் விளங்கவில்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். ஆனாலும் கல்யாணத்தன்று காலை, காரிமங்கலம் மண்டபத்தில், நிச்சயதார்த்தத்துக்கும் படமெடுத்த, பொம்மிடியிலிருந்து வந்திருந்த போட்டோக்காரரைச் சமையல்கட்டு ஓரம் மடக்கினேன்.

"நெசத்தைச் சொல்லுங்க தம்பி. என்னைய மங்க வைக்கச் சொன்னது யாரு?"

அவர் சிரித்துவிட்டார். "யாரும் சொல்லலீங்கம்மா. தூரத்துல வர்ற பஸ் போர்டைக் கண்ணைச் சுருக்கிப் படிப்பீங்கல்ல? கேமரா கண்ணும் அப்படித்தாங்க. சுருக்குனா முன்னாடி பின்னாடி நிக்கிற எல்லாரும் தெளிவா வருவாங்க. ஆனா வெளிச்சம் பத்தாது. மண்டபத்துக்குள்ள அகலமாத் தெறந்துதான் எடுக்கணும். அப்ப கிட்ட இருக்கிற மூஞ்சி மட்டுந்தான் தெளிவா விழும். நீங்க பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டா நான் என்னங்க பண்றது?"

நியாயமாகத்தான் பட்டது. ரொம்ப நியாயமாகப் பட்டதால், யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பார்களோ என்றும் பட்டது.

முகூர்த்த நேரம். மேளம் கொட்டியது. சம்பந்தியம்மா கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். (பார்த்தீர்களா!) நானும் நகர்ந்தேன். அவர் இன்னும் கொஞ்சம். நான் அதற்கும் மேலே. அவர் அட்சதைத் தட்டை எடுக்க நகர்ந்தார் என்பது பிறகுதான் தெரியும்.

"அம்மா, தள்ளுங்க! மறைக்குது!" என்று போட்டோக்காரர் கத்தினார்.

இதுவும் அவர்கள் ஏற்பாடுதான் என்று அசையாமல் நின்றேன்.

தாலி கட்டும் படம் வந்தது. நடுவில் நான். நரைமுடி ஒவ்வொன்றும் தெளிவு. கண் மட்டும் ஓரமாகச் சம்பந்தியம்மா மேல். எனக்குப் பின்னால் மஞ்சளாக இரண்டு புகை. ஒன்று என் மகன், இன்னொன்று மருமகள்.

மருமகள் ஆல்பத்தைப் படக்கென்று மூடினாள். படத்துக்காக மறுபடியும் தாலி கட்டச் சொல்ல முடியுமா? வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெண் மனசு விட்டுப்போனால் வூடு என்ன ஆவது?

படம் பார்க்க வந்திருந்த சம்பந்தியம்மா ஆல்பத்தை வாங்கித் திறந்தார். "ஏனுங்க சம்மந்தி, தாலி கட்டிக்கிட்டது எம்பொண்ணா, நீங்களா?"

மருமகள்தான் முதலில் வெடித்துச் சிரித்தாள். அப்புறம்தான் நானும் சிரித்தேன்.

அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள், "மாப்ள, பொண்ணு எங்கீங்க?" என்றால், "கண்ணைச் சுருக்கிப் பாருங்க, தெரிவாங்க" என்கிறாள் மருமகள். யாரும் இல்லாத நேரம் நானும் சுருக்கிப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

அதைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னது சம்பந்தியம்மாதானாம். எதற்காகச் சொன்னார் என்றுதான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.