ஆறாவது பெட்டி எங்கே, மருமகனே?

நெடுங்கேணி,
வெள்ளிக்கிழமை, கோபம் ஆறுவதற்கு முன்.

ஒஸ்லோ மாநகரத்தில் குளிரோடு குடித்தனம் நடத்தும் மேன்மைதங்கிய மருமகன் சாருஜனுக்கு, வளர்மதி வாசிகசாலையின் தலைவரும், உன் தாயின் ஒரேயொரு அண்ணனும், இரண்டு பக்கமும் முறுக்கிய மீசைக்குச் சொந்தக்காரனுமாகிய தயாபரன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். நெல் சுகம், மாடு சுகம், உன் மாமி நேசமலர் மிகமிகச் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். நோயாளியை ஏசுவது பாவம். எனக்கோ உன்னை ஏசவேண்டியது மலையாகக் குவிந்து கிடக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். என் கோபம் போனுக்குள் கொள்ளாது. அதனால்தான் பேனை எடுத்தேன். இரண்டு பேனை ஏற்கனவே முறிந்துவிட்டது. இது மூன்றாவது.

அடேய், வாசிகசாலைக்கு ஆறு கணினி அனுப்புகிறோம் என்று நீயும் உன் சங்கத்துப் பெடியளும் சொன்னபோது நான் என்ன நினைத்திருப்பேன் என்று ஒரு கணமாவது யோசித்தாயா? நான் கண்ணால் கண்ட கணினி உலகத்தில் ஒன்றுதான், எங்கள் வாசிகசாலை மூலையில் வீற்றிருக்கும் அந்தப் பழைய பெரும்பெட்டி. அதைப் போட்டால் உள்ளே இருக்கிற காற்றாடி வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின் மாதிரி இரையும். நெடுங்கேணிச் சந்தி லைற் மங்கும். புளியங்குளத்தில் நிற்கிற றெயில், புறப்படலாமோ என்று ஒருதரம் யோசிக்கும். அதன் முதுகுச் சூட்டில் ஒரு பேட்டுக்கோழி அடைகிடந்து குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து கறியாகி, நானே சாப்பிட்டிருக்கிறேன். கணினி என்றால் அது கணினி! அப்படி ஆறு வந்தால் எப்படி இறக்குவது என்று நித்திரை கெட்டு, சுடலைமுத்துவின் உழவு இயந்திரத்தைப் பிடித்து, பின்பெட்டி நிறைய வைக்கோல் பரப்பி, கட்டுவதற்கு மாட்டுக்கயிறு எடுத்து, பாரம் தூக்க மனிதர் சேர்த்துக்கொண்டு, படையெடுத்துப் போகிற அரசன் மாதிரிப் புளியங்குளம் பார்சல் கந்தோருக்குப் போனேன். அங்கே ஒரு பிள்ளை பிஸ்கற் பெட்டி அளவில் ஒரு மட்டைப் பெட்டியை மேசையால் தள்ளிவிட்டாள்.

"பிள்ளை, இது வயராக்கும். கொம்பியூட்டர் எங்கை?"

"இதுதான் முழுக்க, ஐயா."

"முழுக்க எண்டால்?"

"முழுக்க எண்டால் முழுக்கத்தான். ஒப்பம் வையுங்கோ."

சுடலைமுத்துவின் ஆட்கள் மலைநாட்டிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவனுக்கு வாயில் இன்னும் தேயிலைத்தோட்டத்துப் பேச்சு. பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்கையா, இதுக்கு டிராக்டர் எதுக்குங்க? என் சட்டப்பையே போதுமுங்களே!" என்றான். பாரம் தூக்க வந்தவர்கள் பாரமில்லாமல் சிரித்தார்கள். வைக்கோல் சமுத்திரத்தின் நடுவில் அந்தப் பெட்டி தனியே குலுங்கிக் குலுங்கி வந்தது. வழிநெடுக வேலியில் நின்று பார்த்த சனம், ஐயா வைக்கோல் வாங்கப் போய்விட்டு வருகிறார் என்று தலையாட்டியது.

விழா மறுநாள் காலை. அதனால் பெட்டியை என் வீட்டு விறாந்தையில் உன் மாமியின் பொறுப்பில் விட்டுவிட்டுப் பந்தல் கட்டப் போனேன். யாழ்ப்பாணத்தில் படிக்கிற என் மகள், உன் மச்சாள் தனுஷாவும் லீவில் வந்து நின்றாள். இது முக்கியமில்லை, வாசித்துவிட்டு மறந்துவிடு.

விழாவைக் கேள். மேளம், நாதஸ்வரம், நிறைகுடம், ஆறு மேசை, ஆறு மேசைக்கும் பட்டுத்துணி. எங்கள் செயலாளர் நாகேஸ்வரி ரீச்சர் ஊரில் பாதிப்பேருக்குக் கணக்குப் படிப்பித்தவ. ஓய்வுபெற்ற பிறகும் காண்கிற எல்லோருக்கும் புள்ளி போட்டுக்கொண்டு திரிகிறவ. அவாதான் பெட்டியை வெட்டினா. உள்ளேயிருந்து வந்தவை சவர்க்காரக் கட்டி அளவில் கறுப்புப் பெட்டிகள். பின்வரிசைச் சனம் "எங்கை, எங்கை?" என்று கதிரையில் ஏறி நின்றது. நாதஸ்வரக்காரர் எப்போது ஊதுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கே தெரியாது, நான் யாரைப் பார்ப்பது? கையளிக்கிற படம் கட்டாயம் வேண்டும் என்றாய் அல்லவா, எடுத்தோம். நான் நீட்டுகிறேன், ரீச்சர் வாங்குகிறா. எங்கள் இரண்டு பேரின் விரலுக்குள் சாமான் மறைந்து போயிற்று. உன் சங்கத்து முகநூலில் அந்தப் படத்துக்குக் கீழே எவனோ ஒரு புண்ணியவான் "இனிய திருமண நிச்சயதார்த்த வாழ்த்துகள்" என்று எழுதியிருக்கிறான். உன் மாமி அதை வாசித்த நாள்தொடக்கம் எனக்குக் குசினியில் வரவேற்பில்லை.

அதோடு முடிந்ததா? ரீச்சர் கணக்குப் பார்க்கத் தொடங்கினா.

"தலைவர், இதிலை அஞ்சுதான் கிடக்கு."

"ஓம் ரீச்சர், அஞ்சும் முத்து."

"தம்பி சாருஜன் ஆறு எண்டு அனுப்பின மெசேஜ் என்ர போனிலை கிடக்கு. ஆறாவது எங்கை?"

"நுளம்பு மாதிரிச் சாமான் ரீச்சர். வழியிலை எங்கையும் பறந்திருக்கும்."

"அதுதான், எந்தப் பக்கம் பறந்தது எண்டு கேக்கிறன்."

அப்படிச் சொல்லிவிட்டு என் வீட்டுப் பக்கம் பார்த்தா, மருமகனே! ஊர் முழுக்கத் திரும்பி என் வீட்டுப் பக்கம் பார்த்தது. பட்டுத்துணி விரித்து வெறுமையாக இருந்த ஆறாவது மேசைகூட அந்தப் பக்கந்தான் பார்த்தது.

உன்னைக் கேட்டால் நாலு பக்கத்தில் விளக்கம் அனுப்புகிறாய். இப்போது உலகப் போக்கே இதுதானாம். முந்தி ஒரு புரோசசர் அறுபது, நூறு வாட் என்று விழுங்கினதாம், இப்போது ஆறு வாட், பத்து வாட்டில் அந்த வேலையை முடிக்கிறதாம். மின்சாரம் குறைந்ததால் சூடில்லையாம், சூடில்லாததால் காற்றாடி இல்லையாம், காற்றாடி இல்லாததால் சத்தமில்லையாம், இதெல்லாம் இல்லாததால் மதர்போட் உள்ளங்கை அளவாம். இல்லை, இல்லை, இல்லை! வாசிகசாலைக்கு நன்கொடை கேட்டால் இல்லாததையெல்லாம் பொதி கட்டி அனுப்பியிருக்கிறாயே! புரோசசரை மதர்போட்டோடு சேர்த்து ஒட்டியே செய்கிறார்களாம், பிறகு கழற்றிப் பெரிதாக மாற்றவும் ஏலாதாம். ஒருதரம் ஒட்டினால் ஆயுளுக்கும் அதுதான் என்றால் அது கணினியா, கலியாணமா? அதற்குள் நாலு மூளை இருக்கிறதாம், வேலை இல்லாத நேரம் மூன்று படுத்துவிடுமாம், ஒன்று மட்டும் அரைக்கண்ணில் முழித்திருக்குமாம். அப்படி ஒரு சாமான் எங்களிடம் ஏற்கனவே உண்டு, அதற்குப் பெயர் வாசிகசாலை நிர்வாகசபை. அதற்கு உலகப் போக்கு என்று யாரும் மாலை போடவில்லை.

சத்தமில்லாத சாமானை இந்த ஊரில் யார் நம்புவார்? அஞ்சையும் சந்திக் கடையில் இரவல் வாங்கிய திரைகளில் பூட்டிப் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றி நின்றோம். ஒரு மூச்சுப் பேச்சில்லை. சந்தியில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிற என் கூட்டாளி ஹமீட் குனிந்து காதை வைத்துப் பார்த்தான்.

"தயாபரன், இது மௌத்தாப் போச்சடா."

"போடா, திரையிலை படம் வருகுது பார்."

"படம் வருகுதுதான். ஆனா உசிர் இல்லையே!"

கடைக்கு ஓடிப்போய் வாட் அளக்கிற கருவியைக் கொண்டுவந்து செருகிப் பார்த்துவிட்டு, ஒரு பல்புக்குப் போகிற மின்சாரந்தான் போகிறது என்று சனத்துக்கு அறிவித்தான். சனம் என்ன முடிவுக்கு வந்தது தெரியுமா? ஒஸ்லோவிலிருந்து வந்த அசல் கணினிகளைத் தலைவர் விற்றுத் தின்றுவிட்டு, அஞ்சு பல்பைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து காட்டுகிறார் என்று! ஒரு பெட்டி காணாமல் போன கதை போய், இப்போது ஆறும் காணாமல் போன கதை நடக்கிறது. உடையார்கட்டில் இருக்கிற என் சகலன் போன் எடுத்து, எனக்கும் ஒன்று மலிவாகத் தருவாயா என்று கேட்கிறான்.

இன்னொரு அநியாயமும் உண்டு. போன கிழமை கரண்ட் போனது. பழைய பெட்டி என்றால் கரண்டோடு சேர்ந்து அதுவும் படுத்துவிடும், நாங்களும் வாசிகசாலையைப் பூட்டிக்கொண்டு மரியாதையாக வீட்டுக்குப் போவோம். சுடலைமுத்து என்ன செய்தான்? பன்னிரண்டு வோல்ட் போதும் என்று நீ எழுதியிருந்ததை நம்பி, தன் உழவு இயந்திரத்துப் பற்றரியிலிருந்து வயர் இழுத்துவிட்டான். ஊர் முழுக்க இருட்டு, எங்கள் வாசிகசாலையில் மட்டும் அஞ்சு திரை சோதி மாதிரி எரிகிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எழும்புகிறார்களே இல்லை. சுடலைமுத்துவே உரம் விற்கிற விலையைத் தேடிப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். நான் பூட்டையும் திறப்பையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காவல் நிற்கிறேன். கரண்ட் போனால் வீட்டை போகலாம் எண்ட சுதந்திரம் ஒண்டு எங்களுக்கு மிச்சம் இருந்தது. அதையும் பறிச்சுப்போட்டியேயடா!

சரி, முக்கிய விசயத்துக்கு வருகிறேன். நேற்று நிர்வாகசபையில் ரீச்சர் எழும்பி, ஆறாவது தலைவரின் வீட்டில் இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டா. சும்மா விடுவேனா? வீட்டுக் கரண்ட் பில்லைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். "பாருங்கோ! போன மாசம் எவ்வளவோ, இந்த மாசமும் அவ்வளவு! என்ர வீட்டிலை ஒரு கொம்பியூட்டர் ஓடினால் பில் கூடாதோ? சத்தம் கேளாதோ? சூடு தெரியாதோ?" என்று மேசையில் அடித்தேன். நீதிமன்றம் அதிர்ந்தது மாதிரி இருந்தது. ரீச்சர்கூடப் பில்லை வாங்கி இரண்டுதரம் கூட்டிப் பார்த்தா. அந்த உற்சாகத்தில் நான் இன்னொரு படி மேலே போய், "என்ர கூரைக்குக் கீழை அந்தச் சாமான் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்திலை தலைவர் பதவியையும் விட்டு, இந்த மீசையையும் வழிச்சுப்போட்டு நிப்பன்!" என்று பிள்ளையார்மேல் ஆணை வைத்துவிட்டேன். ஹமீட் கைதட்டினான். அவன் தட்டினது மீசைக்கா, பதவிக்கா என்று இன்னும் விளங்கவில்லை.

ஆகவே மருமகனே, தபால் ஆறுதலாக வரட்டும், இதை இன்றைக்கே போனில் படம் எடுத்தும் அனுப்புகிறேன். நீயும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் உன் சங்கத்துக் கடதாசியில், முத்திரை குத்தி, "அனுப்பியது அஞ்சுதான், ஆறு என்று எழுதியது என் கைப்பிழை, மாமா சொக்கத்தங்கம்" என்று எழுதிப் படம் எடுத்து அனுப்பவேண்டும். ஆறு அனுப்பினேன் என்று சாதிக்காதே. உனக்குச் சின்ன வயதிலேயே எண்ணத் தெரியாது, உன் தாய்க்கும் தெரியாது, அது பரம்பரைக் குறை. அனுப்பாவிட்டால் நீ ஊருக்கு வருகிற நாளில் உன்னைக் கூட்டிக்கொண்டுவர ஒரு பிஸ்கற் பெட்டியைத்தான் அனுப்புவேன்.

மற்றும்படி உன் குடும்பம் தழைத்து, பிள்ளைகள் பெருகி, வீடு நிறையச் சத்தம் கேட்டு, எல்லாம் பெரிய அளவில் அமையட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். சின்ன அளவில் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
மாசற்ற மீசையோடு,
உன் மாமன்
தயாபரன்

பி.கு: கடித உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுப்பதற்குக் குசினிக்குப் போகிற வழியில், மாமி விறாந்தையில் இருந்து ரீவி பார்த்துக்கொண்டிருந்தா. நேற்று ஒளிபரப்பாகி முடிந்த நாடகப் பகுதி இன்றைக்குத் திரும்ப ஓடியது. நடுவில் தேத்தண்ணி ஊற்ற எழும்பினவ அதை அப்படியே நிறுத்திவிட்டுப் போனா.

"நேசம், எங்கட ரீவி எப்ப இருந்து நீ சொல்லுறதைக் கேக்குது?"

"அது ரீவி இல்லையப்பா. பின்னாலை கிடக்கிற பெட்டி."

ரீவியின் முதுகில் சவர்க்காரக் கட்டி மாதிரி ஒன்று பூட்டியிருந்தது.

"விழாவுக்கு முதல்நாள் தனுஷா ஒண்டை எடுத்துப் பூட்டிப்போட்டு, பெட்டியைத் திரும்ப ஒட்டி வைச்சவள். சாமான் சரியா வேலை செய்யுதோ எண்டு சோதிச்சுப் பாக்கத்தான்."

"ஒரு மாசமாச்சே!"

"இன்னும் சோதிச்சு முடியேல்லை."

முக்கியமில்லை என்று மேலே எழுதினேனே, அதுதான் முக்கியம். மருமகனே, இந்த ஒரு மாதமும் அதற்கு நேர் முன்னால் கதிரையில் இருந்துதான் உன்னை ஏசிக்கொண்டிருந்தேன். சத்தமில்லை, சூடில்லை, பில்லும் கூடவில்லை. மனிதன் எப்படியடா கண்டுபிடிப்பான்? நீ எழுதின நாலு பக்கமும் ஒரு எழுத்துப் பிசகாமல் உண்மை. உனக்கு எண்ணவும் தெரியும், தங்கச்சிக்கும் தெரியும். சங்கக் கடதாசி அனுப்பவேண்டாம்.

மாமி நாளைக்குக் கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டுக் கழற்றித் தருவா. ஞாயிற்றுக்கிழமை அதை நானே ரீச்சரின் கையில் கொடுப்பேன், ஹமீட் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். இந்தமுறையும் படத்தில் சாமான் தெரியாவிட்டால் கவலைப்படாதே, மீசையும் தெரியாது. ரீச்சருக்குப் பக்கத்தில் நிற்கிற அந்நியன் ஆரெண்டு கேக்காதை.