ஆறு மணிக்கு மட்டும் வா

ஒரு காட்டில் ஓர் ஆறுமணிக்குருவிக்கு அநியாயம் நடந்தது. வருஷா வருஷம் ஐப்பசியில் அது வந்து இறங்கும் நாவல் மரத்தடியில் இந்த வருஷம் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம், அது வெளியூராம்.

ஆறுமணிக்குருவியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சை முதுகு, நீலத் தோள், குங்குமச் சிவப்பில் அடிவயிறு, கண்ணில் தீட்டிய மை. இவ்வளவு அலங்காரத்தோடு அது செய்வது மண் வேலை. சருகைக் கிளறிப் புழு தின்னும். முட்டையிடுவது வடக்கே, இமயமலை அடிவாரத்தில். அங்கே குளிர் தொடங்கியதும் தெற்கே வந்துவிடும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் விசிலடித்த மாதிரி கூப்பிடும். காட்டில் யாரிடமும் கடிகாரம் கிடையாது. காகம் கூடு திரும்புவதும் ஆந்தை கண் விழிப்பதும் இந்தக் குரலை நம்பித்தான்.

அந்த வருஷம் காட்டில் 'மண்ணின் பறவைகள் சங்கம்' தொடங்கியிருந்தது. தலைவர் குயில். சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. சங்கத்தின் விதி ஒன்றுதான்: இந்தக் காட்டுக் கூட்டில் பிறந்திருக்க வேண்டும், தாய் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

குருவி வரிசையில் நின்றது. பறந்து வந்ததில் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இறங்கி நாலு புழு தின்னாவிட்டால் செத்துப்போகும். விஷயம் அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் மங்கோலியாவிலிருந்து வந்த வரித்தலை வாத்துகள் நின்றன. குயில் கிளையை விட்டு இறங்கியே வந்துவிட்டது.

"வாங்க வாங்க. பயணமெல்லாம் சௌகரியமா? ஏரியில தெக்குப் பக்கம் முழுக்க உங்களுக்குத்தான்."

"எங்க அம்மா வரலையே," என்றது ஒரு வாத்து. விதியை மதிக்கும் நல்ல வாத்து.

"அதெல்லாம் மத்தவங்களுக்குங்க. நீங்க விருந்தாளி."

அடுத்து குருவி.

"எங்க பொறந்தே?"

"இமயமலை அடிவாரத்துலங்க."

"அங்கேயே இருக்க வேண்டியதுதானே?"

"அங்க இப்ப தீனி இல்லீங்க. அங்கேயும் என்னைத் தெக்கத்திக்காரின்னுதான் சொல்றாங்க. ஏங்க, இவங்க அந்த இமயமலையைத் தாண்டித்தானே வந்தாங்க? மங்கோலியா எங்க ஊருக்கும் அந்தாண்டதானே?"

நியாயமான கேள்வி. அதனாலேயே குயில் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. எப்போதும் கூட்டமாகத் திரியும் தவிட்டுக்குருவிகள்தான் பாய்ந்தன.

"வாத்தும் நீயும் ஒண்ணா? அவங்களைப் பாக்க ஜனங்க கேமராவோட வர்றாங்க."

"உன்னை யாரு பாக்க வர்றா? எந்நேரமும் புதருக்குள்ள."

"இத்தனை கலர்ல இருக்கிறவ மண்ணைக் கிளறுறான்னாலே எனக்குச் சந்தேகம்தான்."

குருவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தலைவரே, உங்களுக்கு யாரு சாட்சி சொன்னாங்க?"

"நான்தான்," என்று காகம் முன்னால் வந்தது. "என் கூட்டுல நான் அடைகாத்துப் பொரிச்ச புள்ள. பேச்சுதான் கொஞ்சம் வேற மாதிரி. சின்னதுல நல்லா சாப்பிடும். மத்ததுங்களுக்குத்தான் பத்தாமப் போச்சு."

"அக்கா, அவர் கண்ணைப் பாருங்க. உங்க வீட்ல யாருக்காவது செவப்புக் கண்ணு இருக்கா?"

காகம் குயிலின் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்தது.

"பாத்தீங்களா," என்றது குயில் தணிந்த குரலில். "வந்த அன்னிக்கே ஒரு தாய் மனசைப் புண்படுத்திட்டா."

காகம் அழுதது. தவிட்டுக்குருவிகளும் சேர்ந்து அழுதன. அவர்கள் கூட்டிலும் அந்த வருஷம் ஒரு பிள்ளை வேறு மாதிரிதான் இருந்தது. குருவியைக் காட்டு வேலிக்கு வெளியே துரத்தினார்கள்.

வேலிக்கு வெளியே சிமெண்ட் தரை. சருகு இல்லை, புழு இல்லை. அன்று மாலை குருவி கூப்பிடவில்லை. மேகமூட்டம் வேறு. காகங்கள் நேரம் தெரியாமல் ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஆந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்குச் சங்கக் கூட்டம் என்று அறிவித்திருந்த குயிலே கூட்டத்துக்கு வந்து சேரவில்லை.

மறுநாள் சங்கம் அவசரமாகக் கூடியது. அதாவது, ஆளுக்கொரு நேரத்தில் வந்தார்கள். குருவியை அழைத்துவரச் சொன்னார்கள்.

"பழசை மனசுல வெச்சுக்காதம்மா," என்றது காகம். "நீ கூப்பிடாம ஒரு வேலையும் ஓடல."

குருவி நாவல் மரத்தடியைப் பார்த்தது. சருகு ஈரமாக இருந்தது. "அப்ப, இறங்கிக்கலாமா?"

"காலையில ஆறுக்கு வா, கூப்பிடு, போயிடு," என்றது குயில். "சாயங்காலம் ஆறுக்கு வா, கூப்பிடு, போயிடு. நீ வேலைக்கு வர்றதை யாரும்மா தடுத்தா?"

"நடுவுல நான் எங்க இருக்கிறது? எதைத் திங்கிறது?"

குயில் சிவந்த கண்களை மூடி யோசித்தது. பிறகு, மிகுந்த பெருந்தன்மையோடு பதில் சொன்னது:

"அது உன் சொந்த விஷயம்மா. அதுலெல்லாம் சங்கம் தலையிடாது."

நீதி: பிறந்தால் அடுத்தவர் கூட்டில் பிற, வந்தால் அடுத்த நாட்டிலிருந்து வா. இரண்டுக்கும் வழியில்லாதவர்கள் நேரத்துக்கு வேலைக்கு வந்தால் போதும்.